வெந்நீரை ஆளும் முறை: காலமும் உஷ்ணமும்

பிரிட்டனில் குடித்தனம் நடத்துவோர், குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக்குவதற்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடக் குளிக்கும் வெந்நீரின் மேல் காட்டுவதில்லை. ரேடியேட்டர் சற்றே ஆறினாலும் உடம்பு உடனே அதை உணர்ந்துவிடுகிறது. வெந்நீரோ, மாடியில் ஓர் அலமாரிக்குள் அடைபட்ட சிலிண்டரில், யாரும் பாராத வேளையில் காய்ந்து, யாரும் பாராத வேளையில் ஆறி, மறுபடியும் காய்ந்து, குழாயைத் திறக்கும்போது வந்தால் போதும் என்ற அளவிலேயே நம் நினைவில் இடம் பெறுகிறது. ரேடியேட்டர்களுக்குக் கோடையில் மாதக்கணக்கில் ஓய்வு உண்டு. வெந்நீர்ச் செலவுக்கு வருஷத்தில் ஒரு நாளும் ஓய்வில்லை. ஆகவே, கைப்பேசியிலிருந்து இயக்கத்தக்க ஸ்மார்ட் கருவி ஒன்றை வாங்கி மாட்ட எண்ணும் கிருஹஸ்தர், அக்கருவி வெந்நீர் விஷயத்தில் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை வாங்குவதற்கு முன்பே தெளிந்துகொள்வது அவசியம்.

இந்த அத்தியாயத்தின் சாரத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். வெந்நீரை ஆள்வதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன: நீர் எப்போது காய வேண்டும், எவ்வளவு காய வேண்டும் என்பவை. கடைகளில் விற்கும் ஸ்மார்ட் கருவிகளில் பெரும்பாலானவை முதற் கேள்விக்கு மட்டுமே விடை சொல்ல வல்லவை. இரண்டாம் கேள்விக்குரிய விடை, சிலிண்டரின் பக்கத்தில் பட்டை போட்டுக் கட்டியிருக்கும் சிறியதொரு தெர்மோஸ்டாட்டிடம் இருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிந்து, ஒன்றோடொன்று இசையும்படி அமைத்துக்கொள்பவருக்குச் சௌகரியம், சிக்கனம், ஆரோக்கியம் மூன்றும் கூடிவரும். பிரித்தறியாதவர் எத்தனை விலையுயர்ந்த கருவியை வாங்கினாலும், பழைய டைமர் செய்த வேலையையே அதனிடமும் பெறுவார்.

வீட்டின் அமைப்பை அறிதல்

முதலில் உங்கள் வீட்டில் இருப்பது எவ்வகை பாய்லர் என்று பாருங்கள். வீட்டில் சிலிண்டரே இல்லாமல், சமையலறைச் சுவரிலுள்ள பாய்லரே குழாய் திறந்த கணத்தில் பற்றிக்கொண்டு நீரைச் சூடாக்கித் தருமானால், அது காம்பி பாய்லர். அத்தகைய வீட்டில் சேமித்து வைத்த வெந்நீர் என்பதே கிடையாது. ஆதலால் வெந்நீருக்கு நேரம் குறிக்கும் கருவியாலும் அங்கே பிரயோஜனம் இல்லை. ரேடியேட்டருக்கு மட்டும் ஒரு சானல் உள்ள கருவி போதும். வெந்நீருக்கென்று இரண்டாவது சானல் உள்ளதை வாங்கினால், அதற்குக் கொடுக்கும் அதிகப் பணம் வீண். காம்பி உடையவர் செய்யத்தக்க காரியங்கள் வேறு. வெந்நீர் உடனே வர வேண்டும் என்பதற்காகப் பாய்லர் தனக்குள் சிறிதளவு நீரை எந்நேரமும் சூடாக வைத்திருக்கும் முன்சூடு வசதி பல பாய்லர்களில் உண்டு. அதை நிறுத்திவிட்டால், குழாயடியில் சில வினாடி கூடுதலாகக் காத்திருப்பதற்கு ஈடாக நாள் முழுவதும் வாயு மிச்சமாகும். வெந்நீரின் உஷ்ணத்தை 50 டிகிரிக்கு அருகில் வைப்பதும் நல்லது. 60 டிகிரிக்குக் காய்ச்சிய பின் தண்ணீர் கலந்து ஆற்றிக் குளிப்பதில் ஆதாயம் எதுவும் இல்லை.

பாய்லர் ஓரிடத்திலும், வெந்நீர் நிறைந்த சிலிண்டர் மாடியில் துணி உலர்த்தும் அலமாரியிலுமாக இருந்தால், இந்த அத்தியாயத்தின் எஞ்சிய பகுதி முழுவதும் உங்களுக்குரியது. இலண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் முதலிய தமிழர் மிகுந்து வாழும் பகுதிகளிலுள்ள பழைய வரிசை வீடுகளிலும், குளியலறை இரண்டு மூன்று கொண்ட பெரிய குடும்பத்து வீடுகளிலும் இவ்வமைப்பை இன்றும் காணலாம். கூரையடியில் தண்ணீர்த் தொட்டி வைத்து, அதிலிருந்து இறங்கும் நீரைக் காய்ச்சும் செப்புச் சிலிண்டர் பழைய முறை. தெருக் குழாயின் அழுத்தத்திலேயே இயங்கும் மூடிய எஃகுச் சிலிண்டர் புதிய முறை. இரண்டாவது வகையில் அழுத்தத்தையும் அதிவெப்பத்தையும் வெளியேற்றும் பாதுகாப்பு வால்வுகள் இருக்கும். அதற்கென்று தகுதிச் சான்று பெற்றவரைத் தவிர வேறொருவர் அதில் கை வைக்கலாகாது.

சிலிண்டரும் வால்வும்

அலமாரிக் கதவைத் திறந்து சற்று நேரம் நின்று பார்ப்பதைப் போன்ற பாடம் வேறில்லை. சிலிண்டருக்குள் சுருள் குழாய் ஒன்று இருக்கிறது. பாய்லரில் காய்ந்த நீர் அச்சுருளின் வழியே ஓடித் தன் உஷ்ணத்தைச் சுற்றியுள்ள நீருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. பாய்லரின் நீரும் நாம் குளிக்கும் நீரும் ஒருபோதும் கலப்பதில்லை. சுருளுக்குச் செல்லும் குழாயின் மேல், உள்ளங்கை அளவிலான ஓர் உலோகப் பெட்டி அமர்ந்திருக்கும். அதுவே மோட்டார் வால்வு. வெந்நீர் வேண்டும் என்ற ஆணை வந்ததும் அதனுள் இருக்கும் சிறிய மோட்டார் முனகிக்கொண்டு சுழன்று வழியைத் திறக்கிறது. வழி முழுவதும் திறந்த பின்னரே அதனுள் உள்ள ஒரு நுண்ணிய சுவிட்ச் அழுந்தி, பாய்லருக்கும் பம்புக்கும் புறப்படும்படி கட்டளை அனுப்புகிறது. ஆணை நின்றதும் உள்ளிருக்கும் ஸ்பிரிங் வால்வைப் பழைய நிலைக்கு இழுத்து மூடிவிடுகிறது.

ரேடியேட்டருக்கு ஒன்று, சிலிண்டருக்கு ஒன்று என்று தனித்தனியே இரண்டு வால்வுகள் இருந்தால் அதற்கு எஸ்-பிளான் என்று பெயர். மூன்று வாய் கொண்ட ஒரே வால்வு, சிலிண்டர் பக்கமோ ரேடியேட்டர் பக்கமோ, இரண்டுக்கும் நடுவிலோ நின்று நீரைப் பங்கிட்டால் அது ஒய்-பிளான். கருவி பொருத்த வருபவர் முதலில் கேட்பது இதைத்தான். எஸ்-பிளானில் வெந்நீர் வேண்டும் என்று சொல்லும் கம்பி ஒன்றே போதும். ஒய்-பிளானிலோ, வெந்நீர் இப்போது வேண்டாம் என்று சொல்லும் கம்பியும் அவசியம். அதை இணைக்காமல் விட்டால், வெந்நீர் அணைந்திருக்கும் நேரத்தில் ரேடியேட்டர்களும் சூடாகமாட்டா. புதிய கருவி மாட்டிய மறுநாளே இத்தகைய குறை தோன்றுமானால், கருவியைக் குற்றம் சொல்வதற்கு முன் அந்த ஒரு கம்பியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இவற்றினும் பழையதொரு முறையும் சில வீடுகளில் உண்டு. அதில் பம்பு ரேடியேட்டருக்கு மட்டுமே உழைக்கும். சிலிண்டருக்கு, சூடான நீர் தானே மேலேறிக் குளிர்ந்த நீர் கீழிறங்கும் இயல்பினாலேயே ஓட்டம் நடக்கும். அவ்வீடுகளில் வெந்நீரின்றி ரேடியேட்டரை மட்டும் இயக்க இயலாது; அந்த நிபந்தனையை ஏற்று நடக்கும் அமைப்பு கருவியில் உண்டா என்று வாங்குமுன் கேட்டறிதல் வேண்டும்.

கருவி எதை ஆளுகிறது

ஹைவ், நெஸ்ட், டாடோ, டிரேட்டன் வைசர், ஹனிவெல் எவோஹோம் முதலிய பெயர்களில் வரும் கருவிகள் யாவும், பழைய டைமர் இருந்த இடத்திலோ பாய்லருக்கு அருகிலோ ஒரு ரிசீவரையும், சுவரில் ஒரு தெர்மோஸ்டாட்டையும், கைப்பேசியில் ஒரு செயலியையும் கொண்டவை. பழைய டைமர் மாட்டியிருந்த பின்தட்டு பெரும்பாலும் பிரிட்டன் முழுவதும் ஒரே மாதிரியாக இருப்பதால், பல ரிசீவர்கள் அதே தட்டின் மேல் அப்படியே பொருந்திவிடும். அத்தட்டில் முனைகளின் வரிசையும் வழக்கமாக ஒன்றே: மின்சாரத்துக்குரிய இரண்டைக் கழித்தால், 1 வெந்நீர் அணைவு, 2 சூடாக்கல் அணைவு, 3 வெந்நீர் இயக்கம், 4 சூடாக்கல் இயக்கம்.

எளிதாகத் தோன்றினாலும், இது 230 வோல்ட் மின்சாரத்தோடு பழகும் காரியம். கட்டுப்பாடுகள் அனைத்துக்கும் மின்சாரம் வரும் சுவிட்ச் ஒன்று, 3 ஆம்பியர் ஃபியூஸுடன், பாய்லருக்கோ அலமாரிக்கோ அருகில் இருக்கும். அதை அணைத்து ஃபியூஸையும் எடுத்த பின்பும் வேறு வழியாக மின்சாரம் வருகிறதா என்று சோதிக்கத் தெரிந்தவரே மூடியைத் திறக்கலாம். பாய்லரின் உட்பகுதியைத் தொடும் எவ்வேலையும் கேஸ் சேஃப் பதிவேட்டில் உள்ளவருக்கே உரியது. 2009 ஏப்ரல் முதல் கார்கி என்ற பழைய பதிவேட்டின் இடத்தில் இப்பதிவேடே நடைமுறையில் இருக்கிறது. வாடகை வீட்டில் குடியிருப்போர் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். செயலியில் ரேடியேட்டருக்குரிய பக்கத்தைத் திறந்தால், 19 டிகிரி, 20 டிகிரி என்று உஷ்ணத்தைக் குறிக்கும் இடம் இருக்கும்; வெந்நீருக்குரிய பக்கத்திலோ பெரும்பாலும் இயக்கம், அணைவு என்ற இரண்டே சொற்கள் இருக்கும். ஏனெனில் அந்தக் கருவிக்குச் சிலிண்டரின் உள்ளே என்ன உஷ்ணம் நிலவுகிறது என்பது தெரியாது. அது கடிகாரம் பார்த்துக் கதவைத் திறந்து மூடும் வாயிற்காவலனைப் போன்றது. உள்ளே எவ்வளவு இடம் நிரம்பியது என்று சொல்ல வேண்டியவர் வேறொருவர். அவ்வாறு சொல்வது சிலிண்டரின் தெர்மோஸ்டாட். செயலியில் வெந்நீர் இயங்குகிறது என்று நாள் முழுவதும் காட்டினாலும், தெர்மோஸ்டாட் போதும் என்று சொன்ன பிறகு வால்வு மூடிவிடும், பாய்லர் ஓய்ந்துவிடும். ஆகவே செயலி காட்டும் இயக்க நேரம் வேறு, பாய்லர் உண்மையில் எரிந்த நேரம் வேறு. இதை மறந்து, மூன்று மணி நேரம் வாயு எரிந்துவிட்டதாகக் கலங்குவோரும் உண்டு. இயங்கு என்று கைப்பேசியில் அழுத்தியதனாலேயே நீர் காய்ந்துவிட்டதாக நம்புவோரும் உண்டு.

இதற்கு விதிவிலக்குகள் சில இருக்கின்றன. எவோஹோம் அமைப்பில் சிலிண்டருக்கென்று தனியே கம்பியில்லா உணர்வி ஒன்றைச் சேர்த்துக்கொண்டால், உஷ்ணத்தையும் அங்கிருந்தே குறிக்கலாம். பாய்லரும் கருவியும் ஓப்பன்தெர்ம் போன்ற பொது மொழியில் பேசிக்கொள்ளும் இடங்களில், வெந்நீரின் உஷ்ணத்தைச் செயலியிலிருந்தே மாற்றும் வசதி சில கருவிகளில் கிடைக்கும். ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து பிறந்த மிக்சர்ஜி என்னும் சிலிண்டர், மேலிருந்து கீழாகப் படிப்படியாக நீரைச் சூடாக்கி, எத்தனை சதவீதம் வெந்நீர் இருக்கிறது என்பதையே காட்டும். இவை உங்கள் வீட்டில் இல்லையென்றால், சிலிண்டரின் தெர்மோஸ்டாட்டை உங்கள் கையாலேயே சரிபார்க்க வேண்டும்.

அறுபது டிகிரி

அந்தத் தெர்மோஸ்டாட், சிலிண்டரின் அடியிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், நுரைக் காப்பை வெட்டி எடுத்த இடத்தில், உலோகத்தோடு ஒட்டினாற்போல் கட்டியிருக்க வேண்டும். காப்பின் மேல் கட்டியிருந்தால் அது சொல்வது பொய்யாகும். அதன் முள்ளை 60 டிகிரியில் நிறுத்துங்கள். இந்த எண் காரணமின்றி வந்ததல்ல.

லெஜியனெல்லா என்ற கிருமி 20 முதல் 45 டிகிரி வரையிலான நீரில் பெருகும் சுபாவமுடையது. 60 டிகிரியில் அது பிழைத்திருப்பதில்லை. 1976 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், முன்னாள் போர்வீரர் சங்கத்தார் கூடிய ஹோட்டலில் பரவிப் பலரைக் கொன்ற நிமோனியாவின் வாயிலாகத்தான் அக்கிருமியை உலகம் முதன்முதலில் அறிந்தது. ஷவரிலிருந்து சிதறும் நுண்துளிகளைச் சுவாசிப்பதனால் அது நுரையீரலை அடைகிறது. முதியவர்க்கும், நுரையீரல் நோயுள்ளவர்க்கும், நோயெதிர்ப்புச் சக்தி குன்றியவர்க்கும் அபாயம் அதிகம். வீட்டில் பாட்டனும் பாட்டியும் இருக்க, சில பவுண்டுகளை மிச்சப்படுத்துவதற்காகத் தெர்மோஸ்டாட்டை 45 டிகிரிக்கு இறக்கிவைப்பது எவ்வகையிலும் விவேகமாகாது. பிரிட்டனின் ஆரோக்கிய, பாதுகாப்பு நிர்வாகம் சேமித்த வெந்நீரை 60 டிகிரியிலோ அதற்கு மேலோ வைக்கும்படி கூறுவதும் இதனாலேயே.

60 டிகிரிக்கு மேல் ஏற்றுவதிலும் நன்மையில்லை. இலண்டனின் நீர் சுண்ணாம்பு மிகுந்தது. உஷ்ணம் ஏற ஏறச் சுருளின் மேல் படியும் சுண்ணாம்பும் கனக்கிறது. 60 டிகிரி நீரே சில வினாடிகளில் தோலை வேகவைத்துவிடும் ஆதலால், குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில், குளியல் தொட்டிக்கும் ஷவருக்கும் செல்லும் நீரில் தானே தண்ணீரைக் கலந்து ஆற்றித் தரும் கலப்பு வால்வு ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 2010 முதல் புதிதாகக் கட்டும் வீடுகளில், குளியல் தொட்டிக்கு வரும் நீர் 48 டிகிரிக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது கட்டட விதி. சிலிண்டரில் 60, குழாயில் 48 என்ற இவ்விரண்டும் சேர்ந்ததே முறையான ஏற்பாடு.

இன்னொரு நன்மையும் இதில் உண்டு. 150 லிட்டர் சிலிண்டரில் நீர் 60 டிகிரியில் இருந்தால், 10 டிகிரித் தண்ணீரைக் கலந்து 40 டிகிரியில் ஏறத்தாழ 250 லிட்டர் பெறலாம்; 50 டிகிரியில் இருந்தால் 200 லிட்டர்தான் கிடைக்கும். நிமிஷத்துக்கு 8 லிட்டர் பொழியும் ஷவரில் ஆறு நிமிஷம் குளிப்பவருக்கு 48 லிட்டர் வேண்டும் என்று கொண்டால், அந்த வித்தியாசம் ஒருவருடைய குளியலுக்குச் சமம். கடைசியாகக் குளிப்பவருக்கு எப்போதும் பச்சைத் தண்ணீரே மிஞ்சுகிறது என்ற குறை நீங்குவதற்கு இதுவும் ஒரு வழி.

நேர அட்டவணை வகுத்தல்

இனி, எப்போது என்னும் கேள்வி. வெந்நீரை நாள் முழுவதும் இயக்கத்தில் விட்டுவைப்பதே சிக்கனம், ஆறவிட்டு மறுபடி காய்ச்சுவதே விரயம் என்று பலர் உறுதியாக நம்புகின்றனர். பௌதிக சாஸ்திரம் இதற்கு இடம் தருவதில்லை. சிலிண்டரிலிருந்து வெளியேறும் உஷ்ணம், உள்ளிருக்கும் நீருக்கும் வெளியிலுள்ள காற்றுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பொறுத்தது. எவ்வளவு நேரம் அதிகச் சூட்டில் வைக்கிறோமோ அவ்வளவு இழப்பு. ஆறிய நீரை மறுபடி காய்ச்சுவதற்கு ஆகும் செலவு, இழந்த உஷ்ணத்தை ஈடு செய்வதே தவிர அதற்கு மேற்பட்டதன்று.

ஆயினும் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். தடித்த நுரைக் காப்புள்ள நவீன சிலிண்டர் நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு யூனிட் அளவிலேயே உஷ்ணத்தை இழக்கிறது. அங்கே நேரம் குறித்து இயக்குவதனால் இந்த இழப்பில் கிடைக்கும் மிச்சம் சிறிது. காப்பில்லாத பழைய செப்புச் சிலிண்டரோ அதைப் போலப் பல மடங்கு இழக்கும். அத்தகைய வீட்டில் ஸ்மார்ட் கருவிக்கு முன்பாக 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள உறை ஒன்றையும், சிலிண்டரோடு சேரும் குழாய்களுக்கு நுரைக் காப்பையும் வாங்குவதே முதற் கடமை. அவற்றின் விலை கருவியின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று, பலனோ அதிகம்.

நேரம் குறிப்பதன் உண்மையான நன்மை வேறிடத்தில் இருக்கிறது. வெந்நீர் நாள் முழுவதும் இயக்கத்தில் இருந்தால், ஒருவர் கை கழுவினாலும் சிறிது நேரத்தில் சிலிண்டர் கூப்பிடுகிறது. கீழே பாய்லர் பற்றிக்கொண்டு, நீண்ட குழாய்களையெல்லாம் சூடாக்கி, சில நிமிஷத்தில் அணைகிறது. குழாய்களில் தங்கிய அந்த உஷ்ணம் யாருக்கும் உதவாமல் சுவர்களுக்குள் கரைந்துபோகும். இப்படிப் பத்து முறை சிறிது சிறிதாக எரிவதைவிட, ஒரு முறையோ இரண்டு முறையோ தொடர்ந்து எரிந்து சிலிண்டரை நிரப்புவது பாய்லருக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது.

அட்டவணை வகுப்பதற்கு ஊகம் வேண்டாம், சோதனை போதும். வீட்டார் எல்லோரும் குளித்து முடித்த ஒரு காலையில், ரேடியேட்டரை அணைத்துவிட்டு வெந்நீரை மட்டும் இயக்குங்கள். வால்வின் முனகல் கேட்கும். பாய்லர் எரியத் தொடங்கும். சிலிண்டரின் உச்சியிலிருந்து புறப்படும் குழாயையும் அடிப்பாகத்தையும் தொட்டுப் பார்த்தால், மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக நீர் அடுக்கடுக்காய் நிற்பது கைக்கே தெரியும். தெர்மோஸ்டாட் நிறைவு கண்டு பாய்லர் ஓயும் வரை எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். 150 லிட்டர் நீரை 10 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 8.7 யூனிட் சக்தி வேண்டும். சாதாரண வாயு பாய்லர் நல்ல சுருளின் வழியே அதை முக்கால் மணியிலிருந்து ஒரு மணிக்குள் கொடுத்துவிடும். நீங்கள் கண்ட நேரத்தோடு கால் மணியைச் சேர்த்துக்கொண்டால், அதுவே உங்கள் வீட்டுக்குரிய இயக்க நேரம்.

உதாரணமாக, ஐந்து பேர் உள்ள குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தகப்பனார் அதிகாலை ஐந்தரைக்கு வேலைக்குப் புறப்படுகிறார். பிள்ளைகள் எட்டு மணிக்குப் பள்ளிக்குச் செல்கின்றனர். பாட்டி எல்லோரும் போன பின், ஆறுதலாகக் குளித்துச் சுவாமி கும்பிடுகிறார். இவ்வீட்டில் காலை 4 மணி முதல் 5.15 வரை முதல் இயக்கம். பிள்ளைகளும் தாயாரும் குளித்துச் சிலிண்டர் வெறுமையாகும் நேரம் பார்த்து 8 முதல் 9 வரை இரண்டாவது இயக்கம் வைத்தால், பாட்டிக்கு வெந்நீர் தயாராக இருக்கும். காலையில் ஓர் இயக்கமே போதும் என்ற பொது யோசனையைப் பின்பற்றினால், பிழைபடுவது அந்த மூதாட்டியின் குளியலே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து முழுகும் வழக்கமுள்ள வீட்டில், அன்றைக்கென்று நீண்டதோர் இயக்கத்தைத் தனியே குறியுங்கள். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் வேறு வேறு நேரம் குறிக்கும் வசதியே இக்கருவிகளின் பெருங்குணம்.

விருந்தினர் வந்தாலோ, பிள்ளை விளையாடிவிட்டுச் சேறும் சகதியுமாக வந்தாலோ, அட்டவணையைக் கலைக்க வேண்டாம். பூஸ்ட் என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு மணி நேரம் இயங்கிவிட்டுத் தானே பழைய ஒழுங்குக்குத் திரும்பும். வீட்டை விட்டு எல்லோரும் வெளியேறியதை, கைப்பேசி இருக்கும் இடத்தைக் கொண்டு அறிந்து அணைக்கும் வசதி ரேடியேட்டருக்கு ஏற்றது. வெந்நீரை அதனிடம் ஒப்படைக்க வேண்டாம். அறை காலியாக இருப்பதைக் கருவி அறியலாம். மாலையில் யார் எந்நேரம் குளிப்பார் என்பதை அது அறியாது.

ஊருக்குப் போய் மூன்று நான்கு வாரம் தங்குவோர், விடுமுறை அமைப்பில் வெந்நீரை அணைத்துச் செல்லலாம். திரும்பி வந்ததும் சிலிண்டரை முழு 60 டிகிரிக்கு ஏற்றி, ஒரு மணி நேரம் அந்நிலையில் வைத்து, பின்பு ஒவ்வொரு குழாயிலும் வெந்நீரை ஓடவிட்டு, ஷவரின் தலையைத் துளி தெறிக்காதபடி வாளிக்குள் அமிழ்த்தி ஓடவிட்டு, அதன் பின்னரே குளிக்க வேண்டும். வாரக்கணக்கில் தேங்கி நின்ற இளஞ்சூட்டு நீரைப் பற்றி முன்பு கூறியதை இங்கே நினைவுகூர்க.

பாய்லரின் உஷ்ணமும் வெந்நீரின் முதலுரிமையும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 முதல் பொருத்தப்படும் வாயு பாய்லர்கள் பெரும்பாலும், புகையிலுள்ள நீராவியைக் குளிரச் செய்து அதன் உஷ்ணத்தையும் மீட்கும் வகையைச் சேர்ந்தவை. அந்த மீட்சி நடைபெற, பாய்லருக்குத் திரும்பும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். ஆகவே ரேடியேட்டருக்குச் செல்லும் நீரை 50, 55 டிகிரி என்று தாழ்த்தி வைப்பது சிக்கனம். ஆனால் சிலிண்டரை 60 டிகிரிக்கு ஏற்றுவதற்குப் பாய்லர் நீர் 65 அல்லது 70 டிகிரியில் வந்தாக வேண்டும். பழைய முறையில் இரண்டுக்கும் ஒரே உஷ்ணந்தான். ஒன்றைப் பேணினால் மற்றது கெடும்.

இச்சிக்கலுக்குப் புதிய பாய்லர்கள் பலவற்றில் தீர்வு இருக்கிறது. வெந்நீர் கேட்கும்போது மட்டும் பாய்லர் உச்ச உஷ்ணத்துக்குச் சென்று, அந்நேரம் ரேடியேட்டர் வழியை மூடிச் சிலிண்டரை விரைவாக நிரப்பிவிட்டு, பின் தாழ்ந்த உஷ்ணத்தோடு ரேடியேட்டருக்குத் திரும்புகிறது. வெந்நீருக்கு முதலுரிமை அளிக்கும் இந்த ஏற்பாட்டுக்குப் பாய்லர், வால்வு, கம்பியிணைப்பு மூன்றும் ஒத்துவர வேண்டும். பாய்லரை மாற்றும் காலத்தில் இதைக் கேட்டு அமைத்துக்கொள்பவர், எந்த ஸ்மார்ட் கருவியும் தனித்துத் தரமுடியாத சிக்கனத்தைப் பெறுவார். அத்தகைய வசதியில்லாத வீட்டில், ரேடியேட்டருக்கென்று உஷ்ணத்தைத் தாழ்த்தும்போது சிலிண்டர் 60 டிகிரியை எட்டுகிறதா என்று அவசியம் சோதியுங்கள்.

மின்சாரத்தால் காயும் நீர்

பெரும்பாலான சிலிண்டர்களில் 3 கிலோவாட் சக்தியுள்ள இம்மர்ஷன் ஹீட்டர் ஒன்றும் இருக்கும். மேற்சொன்ன 150 லிட்டரை அது காய்ச்ச ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடிக்கும். பாய்லர் பழுதானால் உதவுவதற்கென்று இதை ஒதுக்கி வைப்பதே வாயு வீடுகளில் முறை. மின்சார யூனிட்டின் விலை வாயுவினுடையதைவிடப் பல மடங்கு ஆதலால், அறியாமல் இயங்கவிட்ட இம்மர்ஷன் மாதக் கட்டணத்தைத் திடுக்கிடும்படி உயர்த்திவிடும். அதைக் கைப்பேசியிலிருந்து இயக்க விரும்பினால், அந்தச் சுமையைத் தாங்கும்படி செய்த கட்டுப்பாட்டுக் கருவியையே மின்பணியாளர் மூலம் பொருத்துங்கள். மேஜை விளக்குக்குப் பயன்படும் ஸ்மார்ட் பிளக்கை, மணிக்கணக்கில் 3 கிலோவாட் இழுக்கும் ஹீட்டருக்குப் போடுவது தீ விபத்தை வரவழைப்பதாகும்.

வாயு இல்லாத அடுக்குமாடி வீடுகளில், 1978 ஆம் ஆண்டு வந்த எகானமி 7 திட்டம் இன்னும் பலருக்கு உண்டு. இரவில் ஏழு மணி நேரம் மின்சாரம் மலிவு. அந்நேரத்தில் சிலிண்டர் முழுவதையும் காய்ச்சி, பகலில் அதைக் கொண்டே சமாளிப்பது நல்ல யுக்தி. ஒன்றைக் கவனியுங்கள்: பழைய மீட்டர்கள் பல கோடைக்கால நேர மாற்றத்தைப் பின்பற்றுவதில்லை, ஸ்மார்ட் கருவியோ இணையத்திலிருந்து நேரத்தைப் பெற்றுத் தானே மாறிக்கொள்ளும். இரண்டும் ஒரு மணி நேரம் விலகி நின்றால், மலிவு நேரம் என்று எண்ணிய ஒரு மணி முழு விலைக்குப் போய்விடும். மார்ச்சு, அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு கழிந்ததும் மீட்டரையும் செயலியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூரையில் சூரியத் தகடு உள்ளவர்கள், மிஞ்சும் மின்சாரத்தை இம்மர்ஷனுக்குத் திருப்பிவிடும் கருவியை நாடுவது இயல்பு. 2020 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ஏற்றுமதி உறுதித் திட்டத்தின்படி, மிஞ்சும் மின்சாரத்தை விற்றால் யூனிட்டுக்கு என்ன விலை கிடைக்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த விலை வாயு யூனிட்டின் விலையைவிட உயர்ந்திருந்தால், மின்சாரத்தை விற்று வாயுவில் நீரைக் காய்ச்சுவதே பணத்தளவில் இலாபம்.

வெப்பப் பம்பு உள்ள வீட்டில் கணக்கு மாறும். உஷ்ணம் ஏற ஏற அதன் திறன் குறைவதால், அன்றாடம் 48, 50 டிகிரியில் வைத்து, வாரத்துக்கு ஒரு முறை 60 டிகிரிக்கு ஏற்றிக் கிருமி நீக்கும் சுற்று ஒன்றை வகுப்பது வழக்கம். அச்சுற்றை வீண் செலவென்று எண்ணி அணைத்துவிடாதீர்கள். காய்ச்சும் நேரத்தைக் கூடுமானவரை வெளிக்காற்று இதமாக இருக்கும் பிற்பகலுக்கு வைத்தால் திறன் கூடும்.

கோளாறுகளைக் கண்டறிதல்

செயலி இயக்கம் என்று காட்டுகிறது, நீர் காயவில்லை. இந்நிலையில் வரிசையாகப் பாருங்கள். ரிசீவரின் மேல் வெந்நீருக்குரிய விளக்கு எரிகிறதா? எரியவில்லையென்றால் குறை, கருவிக்கும் அதன் தொடர்புக்கும் இடையில். எரிந்தும் வால்வில் ஓசை இல்லையென்றால், வால்வின் மோட்டாரோ சிலிண்டர் தெர்மோஸ்டாட்டோ காரணம். வால்வின் பக்கவாட்டில் உள்ள சிறு நெம்புகோலைத் தள்ளிப் பாருங்கள்: எதிர்ப்புத் தந்து நகர்ந்தால் மோட்டார் இயங்கவில்லை, எதிர்ப்பின்றித் தளர்ந்து ஆடினால் அது ஏற்கெனவே திறந்திருக்கிறது. வால்வு திறந்தும் பாய்லர் எரியவில்லையென்றால், உள்ளிருக்கும் நுண்ணிய சுவிட்ச் பழுது. அதே சுவிட்ச் மாறாகச் சிக்கிக்கொண்டால், யாரும் கேட்காமலேயே பாய்லர் ஓயாமல் எரியும். ஸ்மார்ட் கருவி பைத்தியம் பிடித்துவிட்டதாகப் பலர் புகார் செய்வது இந்நிலையில்தான். கோடையில் ரேடியேட்டர்கள் கேளாமலே சூடானால், அவற்றின் வால்வு மூடாமல் நிற்கிறது என்று கொள்ளலாம். இவ்வளவையும் கண்டு சொன்னால், வரும் பணியாளருக்கு வேலையும் உங்களுக்குச் செலவும் குறையும்.

இணையத்தை நம்பும் அளவு

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இக்கருவிகளின் செயலி, அவற்றைச் செய்த நிறுவனத்தின் தொலைதூரக் கணினிகளை நம்பியிருக்கிறது. நெஸ்ட் தெர்மோஸ்டாட்டுகளின் முதல் இரண்டு தலைமுறைகளுக்கு, 2025 அக்டோபர் 25 அன்று கூகிள் நிறுவனம் அந்தத் தொடர்பை நிறுத்திவிட்டது. சுவரில் கையால் இயக்கினால் அவை இன்னும் வேலை செய்யும், கைப்பேசிக்கு மட்டும் கட்டுப்படமாட்டா. சுவரில் பதித்த உபகரணம் இருபது வருஷம் உழைக்கும் என்று எதிர்பார்ப்பது இந்நாட்டுக் குடித்தனக்காரரின் வழக்கம். செயலிக்கு அத்தகைய ஆயுள் உண்டென்று எவரும் உறுதி கூறவில்லை. ஆதலால், இணையம் அற்றுப்போன நாளிலும் ரிசீவரின் மேலுள்ள பொத்தானை அழுத்தி வெந்நீரை இயக்கக்கூடிய கருவியையே தேர்ந்தெடுங்கள்.

அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொடுங்கள். கட்டுப்பாடு முழுவதும் ஒருவருடைய கைப்பேசியில் முடங்கி, அவர் அலுவலகத்தில் இருக்கும்போது வீட்டிலுள்ள முதியவர் குளிர்ந்த நீரில் கை வைத்துக்கொண்டு தொலைபேசியில் அழைத்துக் காத்திருக்கும் நிலை, எந்தச் சிக்கனத்தாலும் ஈடுகட்டக்கூடியதன்று. வெந்நீர் இயங்கும் நேரங்கள், பூஸ்ட் பொத்தானின் இடம், தெர்மோஸ்டாட்டில் வைத்த 60 டிகிரி, இம்மர்ஷன் சுவிட்சு சாதாரணமாக அணைந்திருக்க வேண்டும் என்ற குறிப்பு, பழுது பார்ப்பவரின் தொலைபேசி எண் ஆகிய ஐந்தையும் தெளிவான தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, சிலிண்டர் இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். அட்டவணையை மாற்றும்போதெல்லாம் அந்தத் தாளையும் மாற்றுங்கள்.